பந்தி விசாரிக்க யார் இருக்கிறார்கள்?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் கொங்கு நாட்டுக் கல்யாண வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சமைக்க ஆள் பிடிக்கிறோம். பரிமாறவும் இப்போது ஆள் பிடிக்கிறோம். ஒரே நிறத்தில் சட்டை போட்ட பிள்ளைகள் வாளியோடு வந்து நிற்கிறார்கள். ஆனால் பந்தி விசாரிக்க மட்டும் நாம் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. பெண்ணைப் பெற்றவரோ, தாய்மாமனோ, பங்காளிகளில் மூத்தவரோதான் அதைச் செய்ய வேண்டும். இலைக்கு இலை நின்று, "பொறுமையா சாப்பிடுங்க, ரசம் வந்துச்சுங்களா, வீட்டுல பெரியவரு வரலீங்களா" என்று கேட்டுக்கொண்டே போவார். எத்தனை வகை வைத்திருந்தாலும், விசாரிக்காத பந்தியில் சாப்பிட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்ன? "போனோம், வந்தோம். ஒருத்தரும் வாங்கன்னுகூடச் சொல்லலை." இந்த ஒரு குறை மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்களுக்கு நடுவே சமாதானம் பேசப் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திருத்தூதர் பணிகள் நூலில் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்று அங்கே இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது: பந்தி விசாரணை. தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் முணுமுணுப்புகளில் ஒன்று எதைப் பற்றித் தெரியுமா? கோட்பாடு பற்றியது அல்ல, பதவி பற்றியது அல்ல. சோறு பற்றியது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். அவர்கள் யூதர்கள்தான், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள்தான். ஆனால் வெளிநாடுகளில் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், பேச்சு வேறு. உள்ளூர்ப் பெண்களுக்கு அக்காள் தங்கை உண்டு, அண்டை அயல் உண்டு. கணவனும் போய்விட்ட பிறகு இவர்களுக்காகப் பேச யார் இருந்திருப்பார்கள்?

அவர்களை யாரும் வேண்டுமென்றே பட்டினி போட்டதாக விவிலியம் சொல்லவில்லை. விடுபட்டுப் போனார்கள், அவ்வளவுதான். தெரிந்த முகங்களுக்கு முதலில் கை நீண்டிருக்கும். தெரியாத முகம் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கும், வாளி அங்கே போய்ச் சேருவதற்குள் காலியாகியிருக்கும். தீய எண்ணம் எதுவும் இல்லாமலே இப்படி ஓர் அநியாயம் நடந்துவிட முடியும் என்பதுதான் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

திருத்தூதர்கள், "கிடைப்பதைக் கொண்டு திருப்தியாக இருங்கள்" என்று அந்தப் பெண்களுக்குப் புத்திமதி சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்திலிருந்தே ஆளெடுத்தார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நம் ஊரில் யாராவது குறை சொன்னால் அவரிடமே பொறுப்பைக் கொடுப்போமா? அவரை அடுத்த கூட்டத்துக்கே கூப்பிட மாட்டோம்.

சோறு பரிமாறுவதற்கு அந்த ஏழு பேரிடம் என்ன தகுதி கேட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக, நற்பெயர் பெற்றவர்களாக இருக்க வேண்டும். நாம் கேட்பது பெரும்பாலும், "உங்களிடம் டூ வீலர் இருக்கிறதா?" என்பதுதான். அது மட்டுமா, திருத்தூதர்கள் இறைவேண்டல் செய்து, அவர்கள்மீது கைகளை வைத்து அனுப்பினார்கள். இறைவேண்டல் ஒரு பக்கம், பிறரன்புப் பணி இன்னொரு பக்கம் என்று நாம் பங்குப் பேரவையில் தனித்தனிப் பணிக்குழு போடுகிறோம். எருசலேமிலோ பந்தி விசாரிப்பையே கைவைத்து மன்றாடித் தொடங்கினார்கள்.

நல்ல மனது இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்பதைப் புனித வின்சென்ட் தே பவுல் தம் அனுபவத்தில் கண்டுகொண்டார். 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரான்சு நாட்டில் சாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. ஒரு ஞாயிறு திருப்பலிக்கு உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடும்பமே நோயில் கிடக்கிறது, பார்க்க ஆளில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். மறையுரையில் அதை எடுத்துச் சொன்னார். பிற்பகலில் அவரே அந்த வீட்டுக்குப் போனபோது வழியெல்லாம் பெண்கள். கையில் உணவோடு போகிறவர்களும் வருகிறவர்களுமாக, ஏதோ திருவிழாப் பவனி போல இருந்தது. அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மனதில் கணக்குப் போட்டார்: இன்றைக்கு வந்தது அந்தக் குடும்பம் தின்று தீராது, கெட்டுப்போகும். நாளைக்குப் பசிக்குமே? சில நாள்களுக்குள் அந்தப் பெண்களைக் கூட்டி, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வகுத்தார். அவருடைய முதல் பிறரன்புக் குழு இப்படித்தான் பிறந்தது.

நம் பங்குகளில் இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. பாரிஸ் நகரில், 1833 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்களில் பிரெடெரிக் ஓசானாம் என்பவருக்கு அன்றைக்குத்தான் இருபது வயது நிறைந்தது. உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் என்னென்னவோ செய்தது, சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சக மாணவர் ஒருவர் விவாதத்தில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி தைத்தது. ரோசலி ரெண்டு என்ற அருள்சகோதரி அந்த இளைஞர்களுக்கு ஏழைகள் வாழ்ந்த தெருக்களைக் காட்டி, வீடு சந்திப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். அதுதான் இன்றுவரை அந்தச் சபையின் உயிர்நாடி. ஏழையை அலுவலகத்துக்கு வரச்சொல்லக் கூடாது, நாம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் வாரந்தோறும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது மெதுவாக நடக்கிற வேலையாகத் தெரிந்தது. ஒரு யோசனை சொன்னேன்: மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். டோக்கன் அடித்தோம். பதிவேடு வைத்தோம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பப் புகைப்படமும் எடுத்தோம். கணக்கு மிகச் சுத்தமாக இருந்தது.

பட்டியலில் ஒரு பாட்டியம்மா இருந்தார். தனிக்கட்டை. பல மாதங்கள் கழித்து, ஏதோ சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குள் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தார். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து நாளாகியிருந்தது. பதறிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். எல்லா மாதமும் அவர் பெயருக்கு நேரே கைநாட்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் டோக்கனைக் கொண்டுவந்து பையை வாங்கிப் போயிருக்கிறார். நேர்மையாகக் கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறார். எங்கள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த அம்மா விழுந்தது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அரிசிக்கு என்னங் சாமி குறைச்சல்? ரேசன்ல குடுக்கறதே மீதியாகுதுங்க" என்றார். அது உண்மைதான். நம் மாநிலத்தில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பிறகு அவர் கேட்டதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது: "அந்த வெள்ளிக்கிழமை வர்ற தம்பி ஏனுங் வர்றதில்லை? நான் ஏதும் தப்பாப் பேசிப்போட்டேனுங்களா?"

அன்புக்குரியவர்களே, அவர் தம் மேல்தான் குற்றம் இருக்குமோ என்று இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இரண்டாம் ஞாயிறு விநியோகத்தை அதோடு நிறுத்திவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தவில்லை, சில குடும்பங்களுக்கு அந்தப் பை உண்மையாகவே தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமைச் சந்திப்பை மறுபடி தொடங்கினோம்.

அந்த அம்மாவின் பெயராவது எங்கள் பட்டியலில் இருந்தது. பட்டியலிலேயே இல்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகள், கோவையின் ஃபவுண்டரிகள், நூற்பாலைகள் இவற்றை இன்றைக்கு வடமாநிலப் பிள்ளைகள் இல்லாமல் நடத்த முடியாது. அவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கட் பகுதியிலிருந்தும் வருகிறவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். 1885-இல் சோட்டா நாக்பூருக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்துகொண்டிருந்த ஆதிவாசிகளுக்காக நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றார். அப்படி வேர்விட்ட விசுவாசத்தின் பிள்ளைகள் இவர்கள். நாம் எல்லாரையும் ஒட்டுமொத்தமாக "இந்திக்காரப் பசங்க" என்கிறோம். ஆனால் அவர்களில் ஒராவோன் இனத்தவர் பேசும் குடுக் மொழி இந்தியோடு சேர்ந்ததே அல்ல. அது நம் தமிழைப் போலத் திராவிட மொழி. கண்ணுக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் ஏறக்குறையக் கண் என்றே ஒலிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கோவிலின் பின்வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில். எழுந்தேற்றத்தின்போது முழங்காலிடுகிறார்கள். நற்கருணை வாங்குகிறார்கள். அறிவிப்புகள் தொடங்குவதற்குள் போய்விடுகிறார்கள். அந்த அறிவிப்புகளில் அவர்களுக்கு என்று எதுவும் இருப்பதில்லை. நம் அன்பியங்களைக் குடும்ப அட்டையை வைத்துப் பிரித்திருக்கிறோம். லைன் வீட்டில் ஓர் அறைக்கு எட்டுப் பேராகத் தங்குகிற பிள்ளைகள் எந்த அன்பியத்திலும் வரமாட்டார்கள். 2020-இல் ஊரடங்கின்போது இவர்கள் ரயிலுக்காக நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியபோது பயந்துபோய்ப் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த நாள்களில், "தம்பி, பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று போன் பண்ணிச் சொல்ல, பின்வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையின் எண்ணாவது நம்மில் எத்தனை பேரிடம் இருந்தது? என்னிடம் இருக்கவில்லை.

வேற்று மொழிக்காரரோடு எப்படிப் பழகுவது என்று தயங்க நமக்குக் காரணமே இல்லை. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் தேர் பார்க்க அக்டோபர் மாதம் நாமெல்லாம் போகிறோம். அந்த ஊரிலிருந்து உழைத்த ஆயர் மரியோன் பிரெசிலாக் பிரெஞ்சுக்காரர். அவருக்கு முன்னும் பின்னும் வந்த குருக்களில் எத்தனையோ பேர் இத்தாலிய மொழியும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் பேசியவர்கள். அவர்கள் உளறிய தமிழைப் பொறுத்துக்கொண்டு, திருத்திக் கொடுத்து, கஞ்சி ஊற்றியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பின்னாளில் பிரெசிலாக் ஆப்பிரிக்காவுக்குப் போய் 1859-இல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். அங்கே போவதற்கு முன் அயலூரில் வாழ்வது எப்படி என்று அவர் படித்துக்கொண்டது இந்த மண்ணில்தான்.

கொரிந்து நகரத்துச் சபையைப் புனித பவுல் கடிந்துகொண்டதை முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவரின் திருவிருந்துக்கென்று கூடி, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்கிறார்கள், இல்லாதவர் பசியோடு இருக்கிறார். நீங்கள் அருந்துவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று அவர் அடித்துச் சொல்கிறார். அவர்களுடைய செபமோ பாடலோ குறைவாக இருந்தது என்பது அவருடைய புகார் அல்ல. ஒருவருக்கொருவர் காத்திருக்கவில்லை என்பதுதான் புகார். மாதம் ஒருமுறை இந்தித் திருப்பலி ஏற்பாடு செய்துவிட்டால் போதும், நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். திருப்பலி வேண்டும்தான். அது முடிந்தபின் அவர்கள் யாரோடு நின்று பேசுவார்கள்?

சில மாதங்களுக்கு முன், நம் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு பேர் ஒரு லைன் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, இந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாது. இன்னொருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சகோதரி. அவருக்குக் கொஞ்சம் புரியும். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றேதான். பையோடு போனால் வாங்கிக்கொண்டு கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார், எனக்கும் அது சரியாகப் பட்டது. நானும் கூடப் போயிருந்தேன்.

முதலில் பிள்ளைகள் மிரண்டார்கள். வாடகை கேட்க வந்தவர்களோ என்று நினைத்திருக்கலாம். பெரியவர் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அதிலேயே சிரிப்பு வந்துவிட்டது. டம்ளர் பற்றாமல் இரண்டு சுற்றாகத் தேநீர் கொடுத்தார்கள். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். பாதி அவர்கள் மொழியில், பாதி நம் மொழியில். எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவ்வப்போது முட்டிக்கொண்டோம்.

கிளம்புகிற நேரத்தில் ஒரு பையனின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் அம்மா, வீடியோ காலில். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார் போல. அவன் போனைத் திருப்பி எங்கள் மூன்று பேரையும் காட்டினான். தலையில் முக்காடு போட்ட வயதான முகம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பெரியவர் பையனைப் பார்த்தார், "என்ன கண்ணு சொல்றாங்க?"

பையன் தனக்குத் தெரிந்த தமிழில் தேடித் தேடிச் சொன்னான்: "சாப்பிட்டீங்களா, அம்மா கேக்குது."