முற்றம் யார் பெயரில்?



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுதும் பிறருக்கு வீடு கட்டிய பொறியாளர். அதனால் வீடிழந்த மக்களுக்குப் புதிய வீடுகள் எழுந்த ஊரான, உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்டைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். 1966 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காலமான ஊராகத்தான் அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். அடுத்த மூன்றரை மாதத்தில், ஏப்ரல் 26 விடியற்காலையில், அதே ஊர் அதிர்ந்தது. அதிர்வின் மையம் நகரத்துக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாத இடத்தில் இருந்தது. பழைய மண் வீடுகள் தாங்கவில்லை. ஏறத்தாழ 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று சொன்னால்தான் இழப்பு புரியும். அவை அமைந்த குடியிருப்புப் பகுதிக்கு மஹல்லா என்று பெயர். குறுகலான சந்து, இருபுறமும் ஜன்னல் இல்லாத மண்சுவர். கதவைத் திறந்தால் முற்றம். திராட்சைப் பந்தல், ஆப்ரிகாட் மரம், வாய்க்கால் நீர். நம் திண்ணையைத் தூக்கி முற்றத்தில் போட்டதுபோல ஒரு பெரிய மரக்கட்டில், தப்சான் என்பார்கள். தேநீர், தூக்கம், பஞ்சாயத்து எல்லாம் அதன்மேல்தான்.

வீடிழந்த இந்த மக்களுக்கு எழுப்பப்பட்டவை கான்கிரீட் அடுக்ககங்கள். அந்தக் கட்டுமான முறை மாஸ்கோவிலிருந்து வந்தது. ஒரு வீட்டின் அறைகளில் பல குடும்பங்கள் ஆளுக்கொன்றாய் நெருக்கியடித்து, ஒரே சமையலறையைப் பங்குபோட்டு வாழ்ந்த காலம் அது. 1954 டிசம்பரில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கட்டடத் துறையினர் மாநாட்டில் பேசும்போது, அலங்காரத் தூண்களுக்குச் செலவழித்தது போதும், தொழிற்சாலையில் சுவரை வார்த்துக் கொண்டுவாருங்கள் என்ற கருத்தை வற்புறுத்தினார். சுவர் லாரியில் வந்தது, கிரேன் அடுக்கியது. பெரும்பாலும் ஐந்து மாடி; அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைத்தாக வேண்டும். பள்ளி, குழந்தைகள் காப்பகம், கடை எல்லாம் பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது திட்டம். இப்படி அமைந்த வட்டாரத்துக்கு மைக்ரோரயான் என்று பெயர். சின்னஞ்சிறு சமையலறையைப் பழித்து எழுதுகிறவர்கள், தனிக்கதவும் தனிச்சாவியும் முதன்முதலாகக் கைக்கு வந்த குடும்பத்தின் மகிழ்ச்சியை மறக்கக் கூடாது.

தாஷ்கண்டின் சிலான்ஸார் பகுதியில் இத்தகைய கட்டட வேலை முன்பே தொடங்கியிருந்தது. பூகம்பத்துக்குப் பிறகு சோவியத் குடியரசுகள் பலவும் தொழிலாளர்களை அனுப்ப, நகரம் மளமளவென்று எழுந்தது. வட்டாரங்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஆனாலும் வெயில் எல்லோரையும் யோசிக்கவைத்தது. ஜன்னல்களுக்கு முன் உஸ்பெக் மரச்சன்னலின் வடிவில் கான்கிரீட் சல்லடைகள் வந்தன. பக்கச்சுவர்களில் ஜார்ஸ்கி சகோதரர்கள் மொசைக் ஓவியங்கள் பதித்தார்கள். என் மனதுக்கு மிக நெருக்கமானது 'ஜெம்சுக்' என்ற 16 மாடிக் கட்டடம். முத்து என்று பொருள். மூன்று மாடிக்கு ஒரு முற்றம் வைத்து, மஹல்லாவை வானத்தில் அடுக்கப் பார்த்தார்கள்.

சாதாரண அடுக்ககங்களின் தரைத்தளத்துக்காரர்கள் அதைவிட எளிதாகச் செய்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலி கட்டினார்கள், திராட்சைக் கொடி நட்டார்கள், தப்சானைக் கொண்டுவந்து போட்டார்கள். கல்யாணத்துக்கு அண்டா வைத்துப் பிலாவ் சமைத்ததும் அங்கேதான். வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாக இருந்த இடம் முற்றமானது.

சோவியத் ஒன்றியம் கலைந்த 1991-க்குப் பின் வீடுகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தமாயின. நல்லதுதான். ஆனால் பத்திரம் நான்கு சுவருக்குள் நின்றுவிட்டது. கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? படிக்கட்டு விளக்கை யார் மாற்றுவது? இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள மண் யாருடையது? தெளிவில்லாத இடத்தில் பணம் நுழைந்தது. தரைத்தள வீடுகள் கடைகளாயின, முற்றங்களில் புதிய அடுக்ககங்கள் முளைத்தன, மரங்கள் விழுந்தன. மக்கள் குரல் எழுப்பிய பிறகே, 2019-இல் மரம் வெட்டத் தடை வந்தது. மஹல்லாவின் பெயரில் அரசு குழுக்களையும் வளர்த்தது. அவை ஏழைகளுக்கு உதவித்தொகை வழங்கின. அரசின் கண்ணாகவும் இருந்தன. முற்றத்தைக் காக்கும் அதிகாரம் அவற்றிடம் இருக்கவில்லை.

வீட்டை எழுதிக் கொடுத்த அன்றே முற்றத்தையும் அங்கே குடியிருப்பவர்கள் எல்லோர் பெயரிலும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொடியை நட்டவர் தரைத்தளத்துக்காரர். அது மேல்மாடிப் பால்கனிவரை ஏறியிருக்கிறது. பழத்தை மேலே இருப்பவரும் பறிக்கிறார். வேர் நிற்கும் மண் மட்டும் இருவர் பெயரிலும் இல்லை.