சுடுகாட்டுப் பூவிலிருந்து ஒரு மருந்து
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் சம்பந்தமாக ஏதாவது பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் ஒரு பூச்செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். பட்டிப்பூ, நித்தியகல்யாணி என்று அதற்குப் பல பெயர்கள். கல்லறைப் பக்கம் தானாகவே முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் 'மினீ மல்', அதாவது பிணப்பூ. ஐந்து இதழ், வெள்ளை அல்லது ஊதா கலந்த சிவப்பு. வெயிலை விரும்பும் செடி என்பதால், தை மாதத்தில் புல்லெல்லாம் பனி உறையும் பட்டிப்பொலையில் அது தாக்குப்பிடிக்காது. மலையை விட்டுக் கீழே இறங்கினால் வீட்டுக்கு வீடு காணலாம்.

இதன் தாயகம் ஆபிரிக்காவை அடுத்த மடகஸ்கார் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகளுக்கெல்லாம் பரவி, போன இடங்களில் கைவைத்தியத்திலும் சேர்ந்துகொண்டது. ஜமெய்க்காவில் இலையை அவித்துச் சீனி வியாதிக்குக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் ஒரு கடித உறையில் கனடாவுக்குப் போயின. அவை கிடைத்த வைத்தியர் கிளார்க் நோபிள், மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் சகோதரர் றொபேட் நோபிளிடம் அவற்றைக் கொடுத்தார்.

சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தச் சீனி சொல்லும்படி குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் இறந்தன. காரணம் தேடியபோது, அவற்றின் வெண்குழியங்கள் பெருமளவு குறைந்துபோயிருந்தது தெரிந்தது. சீனிக்கு உதவாத இலை என்று அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா? 1954இல் இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர் வந்து சேர்ந்தார். இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் இலாய் லில்லி கொம்பனியும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுப்பதற்கு நுண்ணிய இழைகள் உருவாகும். இந்த மருந்து அவ்விழைகளை உருவாகவிடாது. அதனால் வேகமாகப் பெருகும் கலங்கள் முதலில் மடிகின்றன. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று வின்கிறிஸ்டினும் வேறு மருந்துகளும் சேர்ந்து, வசதியுள்ள நாடுகளில் பெரும்பான்மையான பிள்ளைகளைப் பிழைக்க வைக்கின்றன.

கொழுந்தின் கணக்கு நமக்குத் தெரியும்: ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும். இந்தச் செடியிலோ ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் ஏற்றுமதி செய்கிறார்கள். வெயிலில் நின்று பறிப்பவரின் உழைப்பும் அந்த மருந்துக் குப்பிக்குள் இருக்கிறது. ஆனால் மருந்து விற்ற பெரிய இலாபத்தில் மடகஸ்கார் மக்களுக்குப் பங்கு போகவில்லை. கைவைத்தியம் தெரிந்த பாட்டிமார் உள்ள நாமும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

முதலாவது, இந்த இலையை யாரும் வீட்டில் அவித்துக் குடிக்க வேண்டாம். எலிகளைக் கொன்றது இதே சாறுதான். பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் பார்த்து, மில்லிகிராம் அளவில் வைத்தியர் ஏற்றும்போதுதான் அது மருந்து.

இரண்டாவது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு நீடித்தால், முகம் வெளுத்தால், அடிபடாமலே உடம்பில் கண்டல் தெரிந்தால், முரசில் இரத்தம் கசிந்தால், கால் எலும்பு நோகிறதென்று அழுதால், 'சூடு, தானாகப் போய்விடும்' என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரியில் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சாதாரண நோயாகவே இருக்கும். அல்லாதபோது, ஒவ்வொரு நாளும் பெறுமதியானது.

மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் பட்டிப்பொலையிலிருந்து அங்கே போய்வர ரயில் காசு வேண்டும். தங்க இடம் வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. சிகிச்சையோ மாதக்கணக்கில் அல்ல, இரண்டு மூன்று வருடங்கள் நடக்கும். இடையில் நின்றுபோனால் நோய் திரும்பிவிடும். கொழும்பில் இருக்கும் அக்காமார் ஒரு அறை கொடுக்கலாம். கூடவே போய்ச் சிங்களத்தில் பேசிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பயணச் செலவை ஏற்கலாம். நூற்றாண்டின் ஞாபகமாகக் கல்வெட்டு வைப்பதோடு, இதையும் நம் சங்கம் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே வெள்ளைச் சீருடையில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. எதிர்பார்த்த விடை வராதபோது, எலி ஏன் செத்தது என்று கேட்டவர்களால்தான் இந்த மருந்து வந்தது. விஞ்ஞானப் பாடத்துக்குப் பயப்படாமல், நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுங்கள்.