அப்பாவுக்கு மறைத்த பீடி
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

1954 பிப்ரவரி 12ஆம் நாள் லண்டனில் ஒரு செய்தியாளர் கூட்டம். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது என்று பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோட் அறிவித்தார். அறிவித்த நேரம் முழுக்க அவர் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கு அது கேலிச்சித்திரம் போலத் தெரிகிறது. அன்றைக்கு அந்த அறையில் அது யாருக்கும் உறுத்தியிருக்காது.

அமைச்சர் சொன்ன செய்திக்குப் பின்னால் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்களின் உழைப்பு இருந்தது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று தேடத் தொடங்கியபோது டாலின் சந்தேகம் தார்ச்சாலைகள் மீதும் மோட்டார் வண்டிப் புகை மீதும்தான் இருந்தது. நோயாளிகளின் பதில்கள் வேறு பக்கம் கைகாட்டின. 1950இல் ஆய்வு அச்சாவதற்கு முன்பே டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார். மறு ஆண்டு இருவரும் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். கெட்டிக்காரத்தனமான தேர்வு அது. மருத்துவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் என்பதால் யார் எப்போது எதனால் இறந்தார் என்று தேடிப் பிடிக்க முடியும். செத்துக்கொண்டிருப்பது சக மருத்துவர் என்பதால் வாசிக்கும் மருத்துவர் எளிதில் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஐம்பதாண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது: வாழ்நாளெல்லாம் சிகரெட் புகைத்த ஆண் மருத்துவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 50 வயதில் விட்டவர்கள் அதில் 6 ஆண்டுகளை மீட்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குப் பெரும்பாலும் முழுவதும் மிஞ்சியது.

இத்தகைய ஆய்வுகளால் தங்கள் வியாபாரத்துக்கு வரும் ஆபத்தை அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் அமைச்சருக்கு முன்பே மோப்பம் பிடித்திருந்தன. 1954 ஜனவரி 4ஆம் நாள் நானூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, மக்களின் ஆரோக்கியமே தங்கள் முதல் அக்கறை என்று உறுதிமொழி தந்தன. அந்தச் சரக்கு நாற்பது ஆண்டு விலைபோனது.

ஆகவே, தெரிந்துவிட்டால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்குப் புகையிலையின் வரலாறு அதிக ஆதரவு தரவில்லை. வேறொன்று மாற வேண்டியிருந்தது. அது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டுத் திண்ணையே நல்ல சாட்சி.

புகைப்பதில் கூச்சம் என்பது இங்கே மருத்துவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. தூரத்தில் அப்பாவின் தலை தெரிந்தால் மகன் பீடியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வான். மாமனார் எதிரே மாப்பிள்ளை பற்றவைக்கமாட்டார். பண்ணையார் கடந்துபோகும்வரை கூலியாள் துண்டு பீடியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருப்பான். ஆனால் அதே அப்பா மகன் முன்னால் தாராளமாகப் புகைப்பார். பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லி அந்தப் பையனையே அனுப்புவார். கடை வாசலில் தொங்கும் கயிற்றுக் கங்கில் பற்றவைக்க அவன் கற்றுக்கொள்வதும் அப்படித்தான். மேலே இருப்பவர் கண்ணில் புகை படக் கூடாது. கீழே இருப்பவர் மூக்கில் எவ்வளவு ஏறினாலும் கேள்வி இல்லை. மரியாதை என்று பெயர் பெற்றிருந்த இந்த ஏற்பாட்டில் நுரையீரலுக்கு இடமே இல்லை.

சுருட்டின் கதை இன்னும் விசித்திரம். சினிமாவிலும் நகரத்திலும் புகைக்கும் பெண் கெட்டவளாக இருந்த காலத்தில், கிராமத்துக் கிழவி சுருட்டு பிடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் சாராயத்தோடு சுருட்டும் படையலில் வைக்கப்படுகிறது. காவல் தெய்வத்திடம் போய் ‘புகை உடல்நலத்துக்குக் கேடு’ என்று எந்த அரசாணையும் சொல்லத் துணியவில்லை.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1981இல் தகேஷி ஹிராயாமா ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார். புகைக்கும் பழக்கமே இல்லாத 90,000க்கு மேற்பட்ட மனைவியரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், கணவர் கடுமையாகப் புகைத்த வீடுகளில் அவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. புகையிலை நிறுவனங்கள் அதைப் பிய்த்துப் பார்த்தன. பிற்கால ஆய்வுகள் அதன் திசையை உறுதிசெய்தன. அதுவரை ‘என் உடம்பு, என் காசு’ என்று சொல்லிவந்தவருக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. இப்போது பக்கத்து இருக்கைக்காரர் வழக்கில் கட்சிக்காரர் ஆனார். 1988இல் அமெரிக்காவின் குறுகிய தூர உள்நாட்டு விமானங்களிலும், 1990இல் பெரும்பாலான உள்நாட்டு விமானங்களிலும் புகை நின்றதற்கு, நாள்முழுக்க அந்தக் காற்றையே சுவாசித்த விமானப் பணிப்பெண்களின் போராட்டம் முக்கியக் காரணம். 2004 மார்ச் 29ஆம் நாள் அயர்லாந்து மதுக்கூடங்கள் உட்படப் பணியிடங்கள் எல்லாவற்றிலும் தடை போட்டது. அங்கேயும் முன்வைக்கப்பட்ட வாதம் குடிக்க வருகிறவரைப் பற்றியது அல்ல, ஊற்றிக்கொடுக்கிற ஊழியரைப் பற்றியது.

இந்தியாவில் இந்தக் கேள்வியைச் சட்டத்தின் மொழியில் முதலில் தெளிவாகக் கேட்டது கேரள உயர் நீதிமன்றம். 1999 ஜூலையில் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் நீதிபதி நாராயண குறுப்பும் அடங்கிய அமர்வு, பொது இடத்தில் புகைப்பது பிறருடைய வாழும் உரிமையை மீறுவது என்றும் பொதுத்தொல்லை என்ற குற்றத்தில் அடங்கும் என்றும் சொன்னது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பேருந்து, ரயில் என்று நாடு முழுவதற்கும் தடையை விரித்தது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், விதிகள் இறுகின. அபராதம் 200 ரூபாய்வரை.

பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனாலும் பலித்தது. காவலர் பிடித்ததைவிட, ‘சார், வெளியே போய்ப் பிடிங்க’ என்று ஒரு நடத்துனரோ கடைப் பையனோ சொல்லத் துணிந்ததுதான் பெரிய மாற்றம். பழைய ஏற்பாட்டில் இது நினைத்துப் பார்க்க முடியாத பேச்சு. வயதிலும் வசதியிலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை அணைக்கச் சொல்கிறார். அவரும் முணுமுணுத்தபடி எழுந்து போகிறார். மறைத்துப் புகைக்கும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்ததால், யாருக்காக மறைக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது.

திரையிலும் இதே கணக்குத்தான். ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதை ஒரு தலைமுறை பென்சிலை வைத்துப் பழகிப் பார்த்தது. 2002இல் ‘பாபா’ வந்தபோது பாட்டாளி மக்கள் கட்சி அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. அந்த எதிர்ப்பில் அரசியல் கணிசமாகக் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2007இல் ‘சிவாஜி’யில் அதே கை சூயிங்கத்தைத் தட்டி வாயில் போட்டது, விசில் குறையவில்லை. 2018இல் விஜய் சிகரெட்டோடு தோன்றிய ‘சர்கார்’ முதல் பார்வைச் சுவரொட்டிக்குப் பொதுச் சுகாதாரத் துறை அறிவிப்பு அனுப்பியதும் தயாரிப்பு நிறுவனம் தன் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து அதை இறக்கிவிட்டது. படத்துக்கு முன் ஓடும் புகையிலை எச்சரிக்கையின்போது பார்வையாளர்கள் பாப்கார்ன் வாங்கப் போகிறார்கள் என்பதும் உண்மைதான். அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடுவதற்கு இல்லை.

இதுவரை சொன்ன மாற்றம் பெரும்பாலும் சிகரெட்டின் கதை. குளிரூட்டிய அறைகளின் கதை. பீடி அந்த அறைக்குள் இருந்ததே இல்லை. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் வி. கஜலட்சுமியும், டாலின் நெடுநாள் சகாவான ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோரும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் லான்செட் இதழில் எழுதினார்கள். லண்டனில் நுரையீரல் புற்றுநோய் முன்னால் நின்றது என்றால், இங்கே முன்னால் நின்றது காசநோய். புகைத்த நடுவயது ஆண்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகை ஒரு காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். கிராமத்தில் புகை என்றால் பெரும்பாலும் பீடி. இந்த ஆய்வு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டிருக்க வேண்டும். காசநோய் ஏழையின் நோய், பீடி ஏழையின் புகை. அதனால்தானோ என்னவோ, இரண்டும் சேர்ந்து செய்ததைப் பற்றிப் பொதுப்பேச்சில் சத்தமே எழவில்லை.

உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2009-10இலும் 2016-17இலும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் புகைப்பவர் பங்கு 14.0 விழுக்காட்டிலிருந்து 10.7 ஆனது. பொது இடங்களில் அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்கள் 29.0 விழுக்காட்டிலிருந்து 25.7க்கு மட்டுமே இறங்கினார்கள். சட்டமே நுழையாத வீட்டுக்குள் அது 52.3இலிருந்து 38.7க்கு இறங்கியது. வாசலில் போய்ப் பிடியுங்கள் என்று மனைவியும் மகளும் சொன்னதை வேறெந்தப் புள்ளிவிவரமும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது. ஆனால் தமிழ்நாட்டில் புகையும் மெல்லுவதும் சேர்ந்த மொத்தப் புகையிலைப் பயன்பாடு அதே காலத்தில் 16.2இலிருந்து 20.0 விழுக்காடாகக் கூடியது. நாடு இறங்க, தமிழ்நாடு ஏறியது. 2016 முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது; பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் கையில் அந்தப் பாக்கெட் வருவதில்லை. படத்தைத் தினமும் பார்ப்பவர் கடைக்காரர்.

பக்கத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வி இன்னும் ஓர் இடத்துக்குப் போயாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையில், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் தூள் மூக்கிலும் கையிலும் படுகிறது. அதே அறையில்தான் சமையல், அங்கேதான் குழந்தை உறங்குகிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இவர்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புதவிக்கும் 1976 முதல் பீடி மீதே ஒரு சிறு மேல்வரி விதிக்கப்பட்டுவந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த மேல்வரி எடுக்கப்பட்டது. புகைப்பவர் குறையக் குறைய முதலில் குறைவது இவர்கள் முறத்துக்கு வரும் இலையும் தூளும்தான். தொழில் மாறப் பயிற்சி உண்டு என்று அரசு சொல்கிறது. பீடிக்கடைக்குக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் தவிர வீட்டைவிட்டு நகர முடியாத ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, அதே திண்ணையில் அதே வாரக் கூலி தரும் வேலை எது என்று அந்தப் பயிற்சித் திட்டங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.