ஆட்டத்தை யார் எழுதுவது?

(மதுரையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சென்னை பாரிமுனைப் பக்கம் போனவங்க அரண்மனைக்காரத் தெருவைப் பார்த்திருப்பீங்க. அது அரண்மனை இருந்த தெரு இல்லை. ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு. 'ஆர்மீனியன்' என்கிற பேரு சனங்க வாயில் அரண்மனையாகிவிட்டது. அந்தச் சமூகத்துப் பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியன் 1794இல் சென்னையில் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் அதுதான். வந்தது மொத்தம் 18 இதழ்.

அதே சனம் 1911இல் ஓட்டோமான் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் விளையாட்டுக்கென்றே 'மர்ம்னமார்ஸ்' என்ற இதழை நடத்தியது. நடத்தியவர் ஷவர்ஷ் கிறிசியன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓட்டோமான் பேரரசின் சார்பில் போட்டியிட்ட இரண்டு பேருமே ஆர்மீனியர்கள். 1914இல் இதழ் நின்றது. 1915 இனப்படுகொலையில் கிறிசியன் கொல்லப்பட்டார். ஆளைக் கொன்றார்கள், அச்சடித்த பக்கம் மிஞ்சியது. அதனாலதான் இன்னைக்கு மதுரையில நின்னு அந்தப் பேரைச் சொல்ல முடியுது.

நமக்கும் எழுத்து புதுசில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஆடுகளத்திலும் நாம இருந்தோம். சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீரை மட்டும் வெளியே தனி மண்குவளையில் கொடுத்தார்கள். இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவே இல்லை. 1920இல் இந்த அவமதிப்பை எதிர்த்துத் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகலை, காரணத்தை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். 1923இல் விட்டல் அணித் தலைவரானார். பந்து மட்டும் வாங்கித் தந்த தலைமை இல்லை அது. எழுத்துக்கும் அதில் பங்குண்டு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பொங்கல் வந்தால் அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம்னு பக்கம் பக்கமாகப் படம் போடுகிறார்கள். அதே நாளில் சேரிக்குள் நடக்கும் கபடிக்கு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. எங்க பக்கத்துல ஒரு போட்டி. இறுதி ஆட்டத்துல எங்க பையன்கள் ஜெயிச்சாங்க. கோப்பையைக் கொடுக்காமலே மைக்கை அணைச்சுட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு அடி. மறுநாள் செய்தி: 'கபடிப் போட்டியில் தகராறு'. யார் ஜெயிச்சாங்க, எத்தனை புள்ளி, எதுவும் இல்லை. நம்ம பையன் தகராறுக்காரனாக அச்சேறுவான். ஆட்டக்காரனாக அச்சேற மாட்டான்.

அடி வாங்கின தழும்பு ஆறிடும். ஜெயிச்ச சேதி எழுதாம விட்டா, ஜெயிக்கவே இல்லைன்னு ஆயிடும்.

அதனால மாணவத் தோழர்களே, சேரிக்கு ஒரு நோட்டுப் போடுங்க. ஆடினவன் பேரு, புள்ளி, தேதி, கோப்பை தர மறுத்தவன் யார், எல்லாத்தையும் எழுதுங்க. நம்ம இதழ்ல அதுக்குப் பக்கம் ஒதுக்குங்க. கபடி ஆடுற நம்ம பொண்ணுங்க பேரை முதல்ல போடுங்க.