கைடு புத்தகமும் ஐந்து நாள் ரோமும்

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

35 வருடம் வங்கி கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனை மைக் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். காபி ஆறிவிடும்.

கைடு என்றால் நம் தலைமுறைக்குக் கோனார் நோட்ஸ்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது வெளிநாட்டுப் பயணத்துக்கான கைடு புத்தகம் பற்றி. "போனில் எல்லாம் இருக்கே சார்" என்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

2024 மே மாதம் மகள் வீட்டுக்கு ம்யூனிக் போயிருந்தோம். ரோம் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. "ஏதாவது டூரில் சேர்த்து விடட்டுமாப்பா?" என்றாள் மகள். "வேண்டாம், நாங்களே போய் வருகிறோம்" என்று சொல்லிவிட்டேன். அந்த தைரியத்துக்குக் காரணம், கிளம்பும் முன் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ரோம் கைடு.

வாங்கியது நான், படித்தது என் மனைவி. மூன்று வாரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கோடு போட்டாள். கடைசி வெற்றுப் பக்கத்தில் ஹோட்டல் முகவரி, மகள் போன் நம்பர், இன்சூரன்ஸ் பாலிசி எண், இந்தியத் தூதரக எண் எல்லாவற்றையும் எழுதினாள். பாஸ்போர்ட் ஜெராக்ஸை மடித்து அட்டைக்குள் செருகினாள். "எல்லாம் போனில் இருக்கே" என்று நானும் அன்று சிரித்தவன்தான்.

முதல் நாள் பாந்தியன் போனோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டிய கோயில். அனுமதி இலவசம் என்று புத்தகம் சொன்னது. வாசலில் ஆளுக்கு 5 யூரோ கேட்டார்கள். நான் புத்தகத்தைத் திறந்து காட்டி வாதாடினேன். அந்தப் பெண் பொறுமையாக, 2023 ஜூலையிலிருந்து கட்டணம் என்றாள். புரட்டிப் பார்த்தால் என் புத்தகம் 2017-ஆம் வருடப் பதிப்பு! தேதி பார்க்காமல் ஒரு காசோலைகூட வாங்காதவன், தேதி பார்க்காமல் புத்தகம் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் உள்ளே போனதும் அதே புத்தகம் மானத்தைக் காப்பாற்றியது. கம்பி வைக்காத கான்கிரீட்டில் கட்டிய குவிமாடம். அதன் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை உயரமும் அதே 43.3 மீட்டர். 1,900 வருடத்துக்கு முந்தைய கணக்கு, அப்படியே டேலி ஆகிறது! உச்சியில் திறந்த வட்டம். அதன் வழியே விழும் மழைத்தண்ணீர் வடிய, தரையில் சின்னச் சின்னத் துளைகள். எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் அரைமணி நேரம் நின்று பார்த்தோம். கட்டணமும் நேரமும் மாறும், கட்டடம் மாறாது. மாறுவதை இணையத்தில் சரிபாருங்கள், மாறாததைப் புத்தகத்தில் படியுங்கள்.

இரண்டாவது, திவோலிக்கு ரயிலில் போனது. கையில் காகித டிக்கெட். ஏறப்போகும் நேரத்தில், "என்னங்க, மெஷின்ல முத்திரை குத்தணுமாம், புத்தகத்துல போட்டிருக்கு" என்றாள் மனைவி. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு முத்திரை எதற்கு என்று முனகிக்கொண்டே குத்தினேன். வண்டியில் பரிசோதகர் வந்தார். எதிர் சீட்டில் ஒரு இளம் ஜோடி, அவர்களிடமும் டிக்கெட் இருந்தது, முத்திரை இல்லை. அபராதம் கட்டினார்கள். அதற்குப் பிறகு நான் முனகவில்லை.

மூன்றாவது, 64-ஆம் எண் பேருந்து. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போவது. பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று புத்தகத்தில் எச்சரிக்கை இருந்தது. சென்னையில் 29சி-யில் போய்வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் சட்டைப்பையில் போன் இல்லை. மனைவியின் போன் ஹோட்டலில் சார்ஜில் கிடக்கிறது. வரைபடம், ஹோட்டல் பெயர், மகள் நம்பர் எல்லாம் தொலைந்த போனோடு போயாயிற்று. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கைகால் நடுங்கியது.

மனைவி என்னை நடைமேடைக் குழாயில் தண்ணீர் குடிக்க வைத்தாள். 'நாசோனி' என்று அங்கே பெயர், ஊர் முழுக்க இலவசக் குடிநீர். அதுவும் புத்தகம் சொன்னதுதான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, இன்சூரன்ஸுக்காக நகல் வாங்கினோம். அதற்கு இத்தாலியில் 'தெனுன்சியா' என்று பெயர்; அந்த வார்த்தையையும் அவள் குறித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் ஹோட்டலிலிருந்து மகளைக் கூப்பிட்டோம். "நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?" என்று பதறினாள். "எதுக்கு? இன்னும் ரெண்டு நாள் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கு" என்றாள் என் மனைவி. முதல் தடவை வெளிநாடு வந்தவள். ம்யூனிக்கில் பக்கத்துத் தெருக் கடைக்குக்கூடத் தனியாகப் போகத் தயங்கியவள்.

நண்பர்களே, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மில் பலர் அங்கே நான்கு சுவருக்குள் உட்கார்ந்து, சனி ஞாயிறுக்காகக் காத்திருக்கிறோம். அது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். ஒரு ஊரைப் பற்றி முன்கூட்டிப் படித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். போகும்போது நான்கு காரியம் செய்யுங்கள். பதிப்பு வருடம் பாருங்கள். விடுமுறை நாளைக் குறியுங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வாசல்வரை போய்த் திரும்பாதீர்கள். ஐரோப்பிய யூனியன் நாடு எதுவானாலும் அவசர உதவிக்கு 112 என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கிய எண்களைக் காகிதத்திலும் வைத்திருங்கள். போனும் வேண்டும், புத்தகமும் வேண்டும். வங்கியில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் லெட்ஜரையும் சேர்த்து எழுதினோமே, அதுபோல.

அந்த ரோம் கைடை கிளப் ஹவுஸ் அலமாரியில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "பழைய பதிப்பு. கட்டணங்களைச் சரிபார்க்கவும்." கடைசிப் பக்கத்தில் இருப்பது என் மனைவியின் கையெழுத்து. அதை மட்டும் தயவுசெய்து அழிக்க வேண்டாம்.