தொண்டைச் சதை அறுவையும் குளிர்ந்த உணவும்



குளிர்ச்சி தொண்டைக்கு ஆகாது என்பது நம்மிடையே வழிவழியாக வந்துள்ள எண்ணம். ஆனால், டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை நீக்கிக்கொண்டு வீடு திரும்பும் குழந்தைக்காக, இவ்வெண்ணத்தைச் சில நாள்கள் நாம் ஒதுக்கி வைக்க வேண்டும். அது ஏன் என்பதையே இன்று எடுத்துரைக்கிறோம்.

உள்நாக்கின் இருபுறமும் அமைந்துள்ள சதைத் திரள்களே டான்சில்கள். நோய்க் கிருமிகளைத் தடுக்க உதவுவது அவற்றின் வேலை. ஆயினும், ஓராண்டில் 7 முறையோ அதற்கு மேலோ கடுமையான தொண்டை அழற்சி கண்டாலும், சதை பெருத்து உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டாலும், அவற்றை நீக்குவதே நலமென மருத்துவர் கருதலாம்.

சதை நீக்கிய இடம் திறந்த புண்ணாக இருந்து, ஏறத்தாழ 2 வாரங்களில் ஆறுகிறது. எச்சிலை விழுங்கினாலும் வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால் காதும் வலிக்கும். வலிக்கு அஞ்சிக் குழந்தை நீர் அருந்த மறுக்கும்; நீர் குறைந்தால் தொண்டை வறண்டு வலி மிகும்; வலி மிகுந்தால் மேலும் மறுக்கும். இச்சுழலை உடைப்பதே நம் முதற்கடமை. குளிர்ச்சி நரம்பைச் சற்று நேரம் மரக்கச் செய்து, விழுங்குவதை எளிதாக்குகிறது.

குளிர்ந்த நீர், பார்லி நீர், இளநீர், ஐஸ் குச்சி, ஐஸ்கிரீம், தயிர், ஆறிய கஞ்சி, அகார்-அகார் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கலாம். ஐஸ் செய்யும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய பின்னரே உறைய வைக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் புரையேறக்கூடுமாதலால் ஐஸ் கட்டியை முழுதாகத் தரலாகாது. பசி எடுத்ததும் குழைந்த சோற்றையும் ஊட்டலாம். மிளகு ரசம், காரக் குழம்பு, முறுக்கு, ஆரஞ்சுச் சாறு ஆகியவை புண்ணை உறுத்தும். சிவப்புச் சிராப்பும் வேண்டாம். வாயில் இரத்தம் வந்தால் அதன் நிறம் மறைத்துவிடும்.

குளிர்ந்த உணவு மருந்துக்கு ஈடாகாது. மருத்துவர் கூறிய அளவில், கூறிய நேரத்தில் வலி மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். உணவுக்கு அரை மணி முன்னதாகக் கொடுத்தால் குழந்தை எளிதாக உண்ணும். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் பெற்றோர், வீட்டிலிருக்கும் பாட்டியிடம் மருந்து வேளைகளையும், நீர் கொடுக்க வேண்டிய முறையையும் தெளிவாகச் சொல்லிச் செல்ல வேண்டும். புண்ணின்மேல் வெண்மையான படலம் தோன்றும்; வாயும் நாறும். அது சீழ் அன்று, ஆறுவதன் அடையாளமே. துடைத்தெடுக்க முயலலாகாது.

அப்படலம் 5 முதல் 10 நாள்களுக்குள் உதிரும்போது இரத்தம் கசியக்கூடும். புது இரத்தம் சிறிதளவே வந்தாலும் பொழுது விடியட்டுமென்று காத்திராதீர்கள். குழந்தையை உட்காரவைத்து, இரத்தத்தை விழுங்காமல் துப்பச் செய்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அல்லது 999 எண்ணை அழையுங்கள். நம் தோட்டங்கள் பல நகரத்துக்குத் தொலைவில் உள்ளன. ஆகவே, அவசரத்துக்கு யாருடைய வாகனம் கிடைக்குமென்பதை அறுவை நாளுக்கு முன்னரே பேசி வைப்பது அறிவுடைமை. 8 மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.

இரண்டு வாரம் பள்ளிக்கும் ஓட்டத்துக்கும் விடுப்பளிப்போம். பழைய அச்சத்தால் குழந்தையின் வாய்க்கு எட்டாமற் போகும் ஒரு குவளைக் குளிர்நீர், அதன் வலியைக் கூட்டும். அன்போடு ஊட்டும் அதே குவளை, அதன் வலியைத் தணிக்கும். இதனை அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வோம்.