பூ இருந்தால் வண்டு வரும், வண்டு வந்தால் பிஞ்சு நிற்கும்



"பூ என்னமோ கொட்டிக் கிடக்குதுங்க, பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது." பழனிப் பக்கம் அரசாணி, பாகல் போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. உரம் பற்றவில்லை என்று யூரியாவைப் போடுகிறோம். கொடி தழைக்கிறது, காயைக் காணோம்.

காரணம் வேறே. இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தத்தை அதற்குக் கொண்டுசேர்ப்பது தேனீயும் வண்டும்தான். அதுவும் விடிந்து உச்சி வெயிலுக்குள் நடந்தாக வேண்டும். தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அரைகுறையாக வந்தால் காய் கோணிக்கொள்ளும். முருங்கைக்கும் மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற கருவண்டு வேண்டும்.

உங்கள் கொடி பூப்பது ஒரு மாதமோ இரண்டு மாதமோ. மற்ற மாதங்களில் தேனீ எதைத் தின்னும்? அதனால் வேலியிலும் வரப்பிலும் மாற்றி மாற்றி ஏதாவது பூத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் கல்யாண முருங்கை பூக்கும். தேன்சிட்டும் மைனாவும் மொய்க்கும். அடுத்து வேம்பும் புங்கமும், பிறகு புளி. ஐப்பசி மழைக்குத் தும்பை தானாக முளைக்கும். களை என்று வரப்பு முழுக்கச் செதுக்காமல் ஒரு முழம் விட்டுவையுங்கள். ஆவாரையும் நொச்சியும் வேலிக்கு நல்லது, ஆடு கடிக்காது. கிணற்றடியில் நாலு துளசி வையுங்கள். பாத்தி ஓரத்துக் கொத்தமல்லியைக் கொஞ்சம் பூக்க விடுங்கள்.

அடுக்குச் செம்பருத்தியில் இதழ் அதிகம், மகரந்தம் குறைவு. ஒற்றைச் செம்பருத்தியே மேல். பட்டாம்பூச்சி வருகிறதே என்று உண்ணிச்செடியை வைக்காதீர்கள். ஆடு மாடு தின்றால் ஈரல் கெடும். மலையடிவாரத்தில் அது படர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பறவையும் வேண்டியதுதான். கரிச்சான் உட்கார மரமோ பறவைத் தாங்கியோ இருந்தால் புழு, வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும். ஏக்கருக்கு 15, 20 தாங்கி போதும். சோளத்தில் மணி பிடிக்கும்போது எடுத்துவிடுங்கள். அப்போது வருவது தானியம் தின்கிற கூட்டம். "கொய்யாவைக் கிளி கொத்துதே" என்பார்கள் ஆயக்குடிக்காரர்கள். உண்மைதான். பழுக்கிற நேரத்தில் வலை போடுங்கள். அதற்காகக் கரிச்சானையும் சேர்த்து விரட்ட வேண்டாம்.

கடைசியாக மருந்து. காலையில் பூ விரிந்திருக்கும்போது அடித்தால் தேனீதான் முதலில் சாகும். அடித்தே தீர வேண்டுமானால் மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச்சேரும். பூக்கிற பயிரில் அது வேண்டவே வேண்டாம்.

வருகிற ஐப்பசி மழைக்கு வேலி ஓரம் நாலு குழி எடுங்கள். கல்யாண முருங்கைப் போத்தை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். காசு செலவில்லை. அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் அரசாணிக் கொடிப் பக்கம் போய் நின்று பாருங்கள். ரீங்காரம் கேட்டால் பிஞ்சு நிற்கும்.